கண்குழிக்குப் பின்னுள்ள சுவர்



எமது பாடசாலைக் காரியாலயத்தின் சுவரிலே, ஆண்டுதோறும் எடுக்கப்பெறும் ஆசிரியர் குழுப்படங்கள் சட்டமிடப்பட்டு வரிசையாகத் தொங்குகின்றன. 2018 ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் அவற்றுள் ஐந்தினை ஆணியினின்றும் கழற்றித் தூசி துடைத்து, ஒரு பழைய வேட்டியிற் சுற்றி, இரவுப் புகையிரதத்திலே கொழும்புக்கு எடுத்துச் சென்றேன். அவற்றைக் கேட்டவர் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். அவர் பார்க்க விரும்பியது, அப்படங்களில் இரண்டாம் வரிசையில் நிற்கும் ஓர் ஆசிரியையின் இடது கண்ணை.

நான் வைத்தியனல்லன். வரலாறும் தமிழும் கற்றுப் பட்டம் பெற்று, அவற்றையே முப்பது ஆண்டுகள் கற்பித்தவன். இவ்விடயம் பற்றிப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே: அந்த ஆசிரியைக்கும் அவருக்குச் சிகிச்சை செய்த நிபுணருக்கும் இடையிலே நான் மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்திருந்தேன். விளங்காத ஒன்றை மொழிபெயர்க்க இயலாதாகையால், விளங்கும்வரை கேட்கவும் படிக்கவும் நேர்ந்தது. அவ்வாறு கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன். ஆசிரியையின் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அவர் கணிதம் கற்பிப்பவர். அப்பொழுது 45 வயதை அண்மித்திருந்தார். 2017 ஆம் ஆண்டு மூன்றாந் தவணைப் பரீட்சைக் காலத்தில் ஒருநாள் என் மேசையருகே வந்து, "சேர், இம்முறை வாங்கிய சிவப்புப் பேனைகளின் மை வெளிறிக் கிடக்கிறது, கடைக்காரரிடம் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள்" என்றார். பேனையை வாங்கித் தாளிலே ஒரு கோடு கீறிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. "பேனையிலே குறையில்லை, ரீச்சர்" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் பேனையிற் குறையில்லையாயின் குறை எங்கேயுள்ளது என்ற அடுத்த வினாவை, நாளெல்லாம் பிள்ளைகளிடம் வினாக் கேட்பவனாகிய நான் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின்னர் இடது கண் சற்று முன்தள்ளி நிற்பதை மற்றவர்களும் கண்டனர். நித்திரைக் குறைவு என்றார் ஒருவர். கண்ணூறு என்று கருதிய தாயார், உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பிலிட்டார். மூக்குக்கண்ணாடி இருமுறை மாற்றப்பட்டது. தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறாயிருக்கலாம் என்று இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. அவ்வாறு எண்ணியது தவறன்று. வளர்ந்தோரிடத்தே கண் முன்தள்ளுவதற்கு அதுவே மிகப் பொதுவான காரணம். ஆனால் இரத்தத்திலே குறை காணப்படாத பின்னும் சொட்டு மருந்தோடு பல மாதங்கள் கழிந்தன. கடைசியில் ஒரு கண் வைத்தியர் அவரை இருத்தி, முதலில் ஒரு கண்ணையும் பின்னர் மறு கண்ணையும் மூடச்செய்து, ஒரு மருந்துப் போத்தலின் சிவப்பு மூடியைக் காட்டி, "இரு கண்ணுக்கும் இது ஒரே சிவப்பா?" என்று வினவினார். வலக் கண்ணுக்கு அது செவ்வரத்தம்பூவின் சிவப்பு. இடக் கண்ணுக்குத் தோய்த்துத் தோய்த்து வெளிறிய சீலையின் நிறம். பார்வை நரம்பு நெருக்கப்படும்பொழுது எழுத்து மங்குமுன்னரே சிவப்பு மங்குவது பெரும்பாலும் நேர்வதாம். அன்றைக்கு என் மேசைக்கு வந்தது பேனையைப் பற்றிய முறைப்பாடு அன்று என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

இனி, அந்தக் கண்ணுக்குப் பின்னால் என்ன நிகழ்ந்தது என்பதைப் பார்ப்போம்.

கண் அமைந்திருக்கும் குழியை, பக்கவாட்டிற் படுக்க வைத்த ஒரு புனலாக எண்ணிக் கொள்ளுங்கள். அகன்ற வாய் முகத்திலே திறந்திருக்கும். ஒடுங்கிய முனை பின்னோக்கி, மூளை இருக்கும் அறையை நோக்கிச் செல்லும். ஏழு என்புகள் சேர்ந்து இப்புனலை ஆக்குகின்றன. இதன் கொள்ளளவு சுமார் 30 மில்லிலீற்றர். அதிலே கண்மணி உருண்டை கொள்ளும் இடம் காற்பங்குக்கும் குறைவு. மிகுதியெல்லாம் கண்ணை அசைக்கும் தசைகளும், நரம்புகளும், இரத்தக் குழாய்களும், மெத்தைபோன்ற கொழுப்புமாகும். மாடி வீட்டிலே மேல்மாடியின் தளம் கீழ்மாடிக்குக் கூரையாவது போல, மூளையின் முன்பகுதி அமர்ந்திருக்கும் தளமே கண்குழியின் கூரை. மூக்குப் பக்கத்துச் சுவரோ மிகவும் மெல்லியது. கடதாசித் தகடு என்று பொருள்படும் இலத்தீன் பெயரையே வைத்தியர் அதற்கு இட்டிருக்கின்றனர். பின்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஸ்பீனொயிட் என்னும் என்பு நிற்கிறது. கிரேக்க மொழியில் ஆப்பு என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. படத்திலே பார்த்தால் எனக்கு அது சிறகு விரித்த வௌவாலாகத் தோன்றிற்று. அந்தச் சிறகுகளின் அடியிலே சில ஒடுங்கிய வாயில்கள் உள. ஒன்றின் வழியே பார்வை நரம்பு மூளைக்குச் செல்கிறது. பத்து இலட்சம் இழைகளைக் கொண்ட கயிறு அது. அதன் அருகே ஒரு பிளவின் வழியே கண்ணை அசைக்கும் நரம்புகளும் நெற்றிக்கு உணர்ச்சி தரும் நரம்பும் வருகின்றன. அவற்றுக்குப் பின்னே, மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருநாடி வளைந்து செல்கிறது.

இந்தப் புனலின் எல்லாச் சுவர்களும் என்பு. முன்புறம் மட்டுமே திறப்பு. ஆகவே பின்னே எது வளர்ந்தாலும் கண்ணுக்குப் போகக்கூடிய திசை ஒன்றே: முன்னே. நரம்புக்கோ அந்த வழியும் இல்லை. ஒடுங்கிய என்பு வாயிலினுள்ளே அது நின்ற நிலையில் நெரிபடுகிறது.

எங்கள் ஆசிரியைக்கு வந்திருந்தது மெனிஞ்சியோமா என்னும் கட்டி. மூளையைப் போர்த்திருக்கும் உறையிலே தோன்றுவது. பெண்களிடத்தே கூடுதலாகக் காணப்படுவது. பெரும்பாலும் புற்றுநோய் வகையைச் சேராதது. மிக மெதுவாக வளர்வது. ஸ்பீனொயிட் என்பின் சிறகோரத்திலே தோன்றும் ஒரு வகை, உருண்டு திரளாமல் பாய் விரித்தாற்போலப் படரும். படர்வதோடு நில்லாது என்பினுள்ளே புகுந்து அதனைத் தடிப்பிக்கும். சுவரே தடித்து அறையை ஒடுக்குவது போன்றது இது. நோவு பெரும்பாலும் இராது. நோவு இருந்திருந்தால் அவர் என்றோ வைத்தியரிடம் போயிருப்பார்.

இக்கட்டிகளை மனிதர் வெல்லத் தொடங்கிய கதை, வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது. 1879 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்திலே 14 வயதுச் சிறுமி ஒருத்தி வில்லியம் மக்கீவன் என்ற சத்திரசிகிச்சையாளரிடம் வந்தாள். இடது கண்ணுக்கு மேலே ஒரு வீக்கம். உடலின் வலப்பக்கத்திலே வலிப்பு. உள்ளே பார்ப்பதற்கு எக்ஸ் கதிர் கூட இல்லாத காலம். ரொண்ட்ஜன் அதனைக் கண்டது 1895 இலேதான். வலிப்பு எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதைக் கொண்டே மூளையின் எந்தப் பக்கம் தாக்கப்பட்டிருக்கிறது என்று மக்கீவன் கணித்தார். மண்டையைத் திறந்து உறையிலே படர்ந்திருந்த கட்டியை அகற்றினார். அச்சிறுமி பின்னர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து சிறுநீரக நோயினால் இறந்தாள். இறந்தபின் சோதித்தபோது கட்டி மீண்டும் வளர்ந்திருக்கவில்லை.

சில ஆண்டுகளின் பின் உரோமாபுரியிலே பிரான்செஸ்கோ டுரான்டே என்பவர், மணம் அறியும் ஆற்றலையும் ஞாபக சக்தியையும் இழந்த ஒரு பெண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அப்பெண்ணின் இடது கண் கீழும் வெளியுமாகத் தள்ளப்பட்டிருந்தது. மூக்குக்கு மேலே மண்டையின் அடித்தளத்திலிருந்த கட்டி எடுக்கப்பட்டது, அவர் பிழைத்தார். ஆனால் பதினோராண்டு கழிந்து கட்டி மீண்டும் முளைக்க, இரண்டாம் முறையும் திறக்க நேர்ந்தது. இந்தப் பதினோராண்டை நேயர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

1888 ஆம் ஆண்டளவில் சூரிச் நகரத்துக் குரோன்லைன், கண்குழியின் வெளிச்சுவரைக் கதவு போலத் திறந்து உட்புகும் முறையை வகுத்தார். அமெரிக்காவிலே ஹாவி குஷிங் 1922 இல் மெனிஞ்சியோமா என்ற பெயரையே வழங்கினார். லூயிஸ் ஐசன்ஹார்ட் என்னும் அம்மையாரோடு சேர்ந்து 1938 இல் அவர் வெளியிட்ட பெருநூல், இக்கட்டிகள் தோன்றும் இடங்களைத் தேசப்படம் வரைவது போல வகுத்துக் காட்டிற்று. பாய் போலப் படரும் வகையை வேறாக இனங்கண்டதும் அந்நூலே. மூளையில் இரத்தப்பெருக்கை அடக்குவதற்கு மின்சாரத்தாற் சுடும் கருவியை அவர் 1926 இற் கையாளத் தொடங்கினார். அதற்குமுன் கட்டியைக் கண்டும், இரத்தத்துக்கு அஞ்சி மூடிவிட்ட நாட்கள் பல. வோல்டர் டான்டி என்பவர் 1941 இல் எழுதிய நூலிலே, கண்குழிக் கட்டிகள் பல மூளை அறைக்குள்ளும் நீள்வதனால் முன்புறத்தால் நுழைவது போதாது, மேல்மாடித் தளத்தைத் திறந்தே இறங்கவேண்டும் என்று வாதிட்டார். 1960களின் பிற்பகுதியில், குரோன்லைன் பணியாற்றிய அதே சூரிச் நகரத்திலே, யஸார்கில் என்னும் துருக்கிய வைத்தியர் நுணுக்குக்காட்டியின் கீழே சத்திரசிகிச்சை செய்யும் கலையை வளர்த்தார். 1971 இல் இங்கிலாந்திலே முதன்முறையாக ஒரு நோயாளியின் தலை, ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கணினிக் கதிர்ப்பட இயந்திரத்தாற் படம் பிடிக்கப்பட்டது. கட்டி எங்கேயுள்ளது என்று ஊகிக்கவேண்டிய காலம் அத்துடன் முடிவடையத் தொடங்கியது.

இவ்வளவையும் நான் பின்னரே படித்தேன். 2018 இல் அந்த நிபுணரின் அறையிலே இருந்தபொழுது எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசினார். ஆசிரியையும் அவருடைய கணவரும் தமிழிலே கேட்டனர். நடுவிலே நான். அவர் முதலில் எமது படங்களை மேசைமீது ஆண்டு முறைப்படி அடுக்கினார். 2013 இல் இரு கண்களும் ஒத்திருந்தன. 2015 இல் இடது கருவிழிக்கு மேலே வெள்ளை மெல்லியதாகத் தெரிந்தது. 2017 இல் எவருக்கும் தெரியும். அவருக்கு அது நல்ல செய்தி. ஐந்தாண்டு மெல்ல வளர்ந்தது கொடிய வகையாயிருத்தல் அரிது என்றார். எனக்கோ அது வேறுவிதமாகப்பட்டது. நாள்தோறும் நான் முகம் நிமிர்த்தினால் எதிரே தெரியும் சுவர் அது.

சிகிச்சை எவ்வாறு நிகழும் என்பதை அவர் ஒரு பிளாத்திக்கு மண்டையோட்டைக் கையிலே வைத்துக்கொண்டு விளக்கினார். முகத்திலே வெட்டு இல்லை. மயிர் வளரும் எல்லைக்குப் பின்னே, காதின் முன்பக்கத்திலிருந்து வளைவாகத் தோல் கீறப்படும். பொட்டுத் தசையை மடித்து, மண்டையோட்டில் ஒரு துண்டைப் பலகை போல எடுப்பர். பின்னர்த் தடித்துப் போன என்பை, மிக விரைவாகச் சுழலும் வைரமுனைத் துளைகருவியால் சிறிது சிறிதாகத் தேய்த்து அகற்றுவர். அதுதான் நீண்ட வேலை. நரம்பின் அருகே தேய்க்கும்பொழுது உண்டாகும் வெப்பமே நரம்பைக் கெடுக்கும் என்பதால் இடைவிடாது நீர் ஊற்றப்படும். கண்குழியின் வெளிச்சுவரும் கூரையும் திறக்கப்பட்டு, பார்வை நரம்பின் வாயிலின் மேற்பகுதி முட்டையோடு உரிப்பது போல உரிக்கப்படும். அதன்பின்னரே கட்டி பற்றிய உறையை வெட்டியெடுப்பர். எடுத்த உறைக்குப் பதிலாக, உடலிலிருந்தே எடுத்த சவ்வை வைத்துத் தைப்பர். அந்தத் தையல் நீர்கசியாததாயிருத்தல் வேண்டும், இன்றேல் மூளையைச் சூழ்ந்த நீர் ஒழுகிக் கிருமி புகும். இழந்த சுவருக்குத் தைத்தேனியம் என்னும் உலோக வலையோ வேறு என்போ வைப்பதுண்டு.

எல்லாக் கட்டிக்கும் வழி இதுவன்று. மூக்குப் பக்கத்திலே, பார்வை நரம்பிற்கு உட்புறமாக இருப்பவற்றை, 1990களிலிருந்து வளர்ந்த முறைப்படி மூக்குத் துவாரத்தின் வழியே ஒளிக்குழாய் செலுத்தி எடுக்கின்றனர். இமையின் மடிப்பிலே சிறிது கீறி நுழையும் முறையும் இப்பொழுது உண்டு. நரம்பைக் கடந்து கருவியைச் செலுத்தக்கூடாது என்பதே வழியைத் தெரிவு செய்யும் பெருவிதி. கட்டி நரம்பிற்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தாலே நுழைதல் வேண்டும். மூக்கின் காற்றறைகளிலே தோன்றி மண்டையின் அடியையும் கண்குழியையும் அரிக்கும் புற்றுக்கட்டிகள் வேறு இனம். அங்கே கண்ணையே விட்டுக்கொடுத்து உயிரைக் காக்க நேர்வதும் உண்டு. ஆயினும் கண்குழியின் உட்சவ்வு தாண்டப்படாதவரை கண்ணைக் காப்பாற்ற இன்று முயல்கின்றனர்.

விளக்கம் முடிந்ததும் ஆசிரியை இரண்டு வினாக்கள் கேட்டார். "முழுவதையும் எடுத்துவிடுவார்களா?" என்பது முதலாவது. இல்லை என்றார் நிபுணர். கட்டியின் ஒரு சிறுபகுதி, கண்ணை அசைக்கும் நரம்புகளும் பெருநாடியும் நெருங்கிச் செல்லும் ஒரு குருதிக் குடாவின் சுவரிலே ஒட்டியிருந்தது. அதைத் துரத்திப் பிடிக்கப் போனால் கண் அசையாமற் போகலாம், உயிருக்கும் கேடு வரலாம். அதை விட்டுவைத்து ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்ப்போம். வளர்ந்தால் கதிர்வீச்சுக் கொடுப்போம் என்றார். எடுக்கக்கூடியதை எடுக்காமல் விடுவது ஒரு சத்திரசிகிச்சையாளரின் திறமையாகும் என்பதை நான் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாவது வினா, "எனக்குச் சிவப்பு மறுபடி தெரியுமா?" என்பது. நிபுணர் சற்று நேரம் யோசித்தே விடை சொன்னார். முன்தள்ளிய கண் பெரும்பாலும் பின்செல்லும். பார்வை தேறலாம், உள்ளபடி நிற்கலாம். நெடுநாள் நெரிபட்டு வெளிறிய நரம்பாயின் திரும்பாது. நூற்றிலே சிலருக்குச் சிகிச்சையினாலேயே பார்வை போவதும் உண்டு. இதனை நான் தமிழாக்கினேன். எப்படி ஆக்கினேன் தெரியுமா? "பெரும்பாலும் சரிவரும் என்கிறார், ரீச்சர்." அவ்வளவுதான். அவர் ஆங்கிலம் பேசத் தயங்குபவரேயன்றி விளங்காதவர் அல்லர். "சேர், அவர் இதைவிடக் கூடச் சொன்னார்" என்றார். பக்கத்திலிருந்த கணவர் தலை குனிந்தார். நான் மறுபடி முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாது சொன்னேன். எனது ஆசிரிய வாழ்வில் அதைவிடக் கடினமான மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. கேட்டு முடித்து, சம்மதப் பத்திரத்தை வாங்கிக் கையொப்பமிட்டார். தான் எதற்கு ஒப்புகிறார் என்பதை அறிந்து அவர் இட்ட கையொப்பம் அது. நான் முதலிலே சொன்னதைக் கேட்டு இட்டிருந்தால் அது வெறும் கீறல்.

சிகிச்சை காலையில் தொடங்கி மாலையிலே முடிந்தது. மறுநாள் இமை வீங்கிக் கண் மூடியிருந்தது, அது எதிர்பார்த்ததே. இமை திறந்தபொழுது ஒன்று இரண்டாகத் தெரிந்தது. சில வாரங்களில் அது குறைந்து நீங்கிற்று. நெற்றியின் இடப்பக்கம் இன்றும் மரத்தே இருக்கிறது; பொட்டு வைக்கும்பொழுது இடம் விரலுக்குத்தான் தெரிகிறது, நெற்றிக்குத் தெரிவதில்லை என்பார். கண் ஏறத்தாழப் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. சிவப்போ பாதி வழி வந்து நின்றுவிட்டது. முன்னரே வந்திருந்தால் முழுவதும் வந்திருக்குமா என்று நான் நிபுணரிடம் கேட்டேன். அவர் அதற்கு நேர்விடை சொல்லாது, நரம்பு நெரிபட்ட காலம் நீள நீள வாய்ப்புக் குறையும் என்று மட்டும் சொன்னார்.

டுரான்டேயின் நோயாளிக்குப் பதினோராண்டு கழித்துக் கட்டி திரும்பியதைச் சொன்னேன் அல்லவா? அதனாலேயே இந்நோயில் ஐந்தாண்டு கடந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுவதில்லை. விட்டுவைத்த சிறுதுண்டு எங்கள் ஆசிரியைக்கு இதுவரை வளரவில்லை. படம் எடுக்கும் நாள் நெருங்கும்பொழுது மட்டும் அவர் வகுப்பிலே சற்றுக் குறைவாகப் பேசுவதை நான் கவனித்திருக்கிறேன். இப்பொழுது கவனிக்கிறேன்.

பெண்களுக்கு இன்னுமொரு செய்தி உண்டு. சிலவகை ஓமோன் மருந்துகளை நெடுங்காலம் பெறுவோருக்கு இக்கட்டி தோன்றும் வாய்ப்புக் கூடுவதாகப் பிரான்சிலே செய்யப்பட்ட ஆய்வொன்று 2024 இல் வெளியாயிற்று. குடும்பத் திட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடும் ஊசியிலுள்ள மருந்தும் அவற்றுள் ஒன்று. எனினும் ஒரு தனிப் பெண்ணுக்கு உள்ள வாய்ப்பு மிகச் சிறியதே. ஆகவே எவரும் தாமாக நிறுத்திவிடாது வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

ஒரு கண் மற்றதைவிட முன்னே நின்றால், அல்லது ஒரு கண்ணுக்கு மட்டும் நிறம் வெளிறித் தோன்றினால், கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் கண் வைத்தியரிடம் போங்கள்; போகும்போது சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கலியாணப் படமானாலும் போதும்.

எங்கள் ஐந்து படங்களும் மீண்டும் சுவருக்கு வந்துவிட்டன. அவற்றோடு 2019 ஆம் ஆண்டுப் படமும் தொங்குகிறது. விடைத்தாள் திருத்துவதற்கு ஆசிரியை இப்பொழுது பச்சைப் பேனையைப் பயன்படுத்துகிறார். பாடசாலை விதிப்படி பச்சை அதிபருக்குரியது என்று பகுதித் தலைவர் ஒருவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். நான் நீல மைக்கு மாறிக்கொண்டேன்.